மூன்று பறவைகளும் ஒரு விரதக்காரனும்

சமைப்பவனுக்கு நாக்கு அவசியமா என்று யாராவது கேட்டால், "ஓம், அவசியம்" என்று அடித்துச் சொல்லக் கொழும்பிலேயே என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. கை முக்கியம், கண் முக்கியம், கைப்பேசியில் சமையல் வீடியோ பார்ப்பதும் முக்கியம்தான். ஆனால் நாக்கை மட்டும் சாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒருவன் சமையலறைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு நத்தார் நாளில், கிறிஸ்மஸ் அன்று, கொட்டாஞ்சேனையில், மாமியார் வீட்டு மேசையில் வைத்து நான் நிரூபித்துக் காட்டியிருக்கிறேன்.

நான் வெள்ளவத்தைக்காரன். கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவே ஒரு ஃபிளாட்டில் அம்மா அப்பாவோடு வளர்ந்தவன். கட்டப்போகும் கட்டடத்துக்கு எத்தனை மூடை சீமெந்து வேண்டும், எவ்வளவு கம்பி வேண்டும் என்று கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவது என் தொழில். ஷெரினைச் சந்தித்ததும் அங்கேதான். அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எங்கள் கல்யாணம் இரண்டு தடவை நடந்தது, ஒரு தடவை ஐயரோடு, மறு தடவை ஃபாதரோடு. இரண்டிலும் இரண்டு குடும்பமும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. (இருந்திருந்தால் எழுதுவதற்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.)

என் கஷ்டம் வேறு மாதிரியானது. மாமி என்னை மரியாதையாக நடத்தினார். அளவுக்கு மீறி மரியாதையாக நடத்தினார். நான் போனால் அலுமாரியிலிருந்து பொன் விளிம்பு போட்ட பீங்கான் இறங்கும். ஃபேன் என் பக்கம் திரும்பும். குளிர்பானம் கிளாசில் வந்து, அந்தக் கிளாசுக்குக் கீழே ஒரு தட்டு வந்து, அந்தத் தட்டுக்குக் கீழே பின்னல் வேலை செய்த ஒரு துணியும் வரும். சாப்பிட்ட பீங்கானை நானே கழுவப் போனால் மாமியின் முகம் வீட்டில் இழவு விழுந்தது போலாகிவிடும். "ஐயோ தம்பி, வையுங்க, வையுங்க."

அதே நேரத்தில் ஷெரினின் தம்பி ஜூட், பக்கத்து அறையில், "எருமை, உன்ர கண் என்ன பிடரியிலயா இருக்கு, அந்தக் கேஸ் சிலிண்டரைத் தூக்கு" என்று அதே மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். எனக்கு அவனைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு தேங்காய் வாங்கி வா என்றுகூடக் கேட்டதில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் நான் ஒரு நிரந்தர விருந்தாளி. விருந்தாளியாக இருப்பது நான்கு மணித்தியாலத்துக்குச் சுகம். இரண்டு வருஷத்துக்கு அது ஒரு தனிமை.

நத்தார் அன்று இந்த வருத்தம் உச்சத்துக்குப் போகும். அதற்குக் காரணம் வான்கோழியின் கால்.

மாமியின் வான்கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சாப்பிட்டவற்றில் அதற்கு ஈடு கிடையாது, இதை மாமி படிக்கப் போகிறார் என்பதற்காகச் சொல்லவில்லை. முதல் நாளே மிளகும் கறுவாவும் உள்ளியும் அரைத்துப் பூசி வைப்பார். வயிற்றுக்குள் பாணும் ஈரலும் கஜுவும் பிளம்ஸும் போட்ட கலவை. அவ்வளவு பெரிய பறவை வீட்டு ஓவனுக்குள் போகாது என்பதால், நத்தார் காலையில் அது ஒழுங்கை என்கிற அந்தச் சந்தின் முடக்கில் இருக்கும் பேக்கரிக்குப் போகும். பேக்கரிக்காரர்கள் பாண் சுட்டு முடிந்ததும் அந்தச் சூட்டோடு ஊரார் தட்டுகளைப் போறணைக்குள் தள்ளுவார்கள். மத்தியானம் அது தேன் நிறத்தில் திரும்பி வரும். தட்டில் வடிந்த நெய்யில் மாமி கிரேவி வைப்பார். நெஞ்சு இறைச்சி கொஞ்சம் வறண்டுதான் இருக்கும், வான்கோழியின் குணம் அது, ஆனால் அந்தக் கிரேவியை ஊற்றினால் காய்ந்த பாணும் எழுந்து நடக்கும்.

அந்தப் பறவைக்குக் கால் இரண்டுதான். ஒன்று மாமாவுக்கு. மற்றது பரம்பரையாக ஜூட்டுக்கு. நான் மருமகனாக வந்த நாளிலிருந்து அந்த இரண்டாவது கால் என் பீங்கானுக்கு வந்தது. நான் அதைக் கடித்து முடிக்கும்வரை ஜூட் பார்த்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். நீங்கள் அப்படி ஒரு காலைச் சாப்பிட்டுப் பாருங்கள், தொண்டைக்குள் இறங்காது.

மூன்றாவது நத்தார் வந்தபோது இரண்டு விஷயங்கள் நடந்தன. மார்கழி தொடங்கிய கையோடு மாமி கோயில் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு வந்தார். (அந்த வீட்டிலும் கோயில் என்றுதான் சொல்வார்கள், தேர் மட்டும்தான் இல்லை.) வான்கோழியை ஒற்றைக் கையால் புரட்ட முடியாது, இந்த முறை ஹோட்டலில் ஓடர் பண்ணுவோம் என்று அறிவித்தார். மாமாவும் ஜூட்டும் சோகமானார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் துள்ளினேன். இந்த வீட்டுக்கு ஒரு வேலை செய்து கொடுக்க, விருந்தாளிக் கதிரையிலிருந்து எழும்ப, இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வரப்போவதில்லை. "மாமி, நான் செய்யிறன்" என்றேன்.

இரண்டாவது விஷயம், ஷெரினுக்கு ஐந்தாம் மாதம். அதற்காக என் அம்மா நேர்ந்திருந்தார். என்ன நேர்ந்தார் என்றால், நான் விரதம் பிடிப்பேன் என்று நேர்ந்தார். அந்த வருஷம் திருவெம்பாவை விரதம் நத்தாரைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்து நின்றது. பத்து நாளும் மச்சம், அதாவது மீன் இறைச்சி, கையால் தொடலாம், வாயால் தொடக்கூடாது என்பது அம்மாவிடம் நான் பேசி எடுத்த சலுகை. "சமைச்சுக் குடு, அது தானம். நாக்கில பட்டுதெண்டா என்ர பேரப்பிள்ளைக்கு நான் என்ன சொல்லுறது" என்றார் அம்மா. நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் பிறக்காத பிள்ளையை வைத்துக் கேட்டால் யார்தான் மீறுவது?

இனி நான் செய்ய நினைத்த பொருளைப் பற்றி. வெறும் வான்கோழி செய்தால் மாமியோடு ஒப்பிடுவார்கள், தோற்றுவிடுவேன். ஆகவே ஒப்பிடவே முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும். கைப்பேசியில் தேடினேன். கிடைத்தது. வான்கோழிக்குள் தாரா என்கிற வாத்து, தாராவுக்குள் கோழி. மூன்றுக்கும் எலும்பெடுத்து, ஒன்றை விரித்து அதன்மேல் கலவை பூசி, அடுத்ததை விரித்து, அதன்மேல் வேறு கலவை பூசி, கடைசியில் எல்லாவற்றையும் சுருட்டித் தைத்து ஒரே உருப்படியாகச் சுடுவது.

அதன் வெட்டுமுகத்தை முதல்முதல் படத்தில் பார்த்தபோது என் தொழில் புத்தி எழுந்து நின்று கைதட்டியது. வெள்ளை இறைச்சி, மஞ்சள் கலவை, கறுத்த இறைச்சி, பழுப்புக் கலவை, மறுபடி வெள்ளை என்று ஒரு நல்ல வீதிக்குப் போடுகிற படுக்கைகள் போல அடுக்கடுக்காக இருந்தது. தாராவின் கொழுப்பு உருகி வான்கோழியின் வறட்சியைத் தீர்க்கிறது. கோழி நடுவில் பத்திரமாக வேகிறது. யார் கண்டுபிடித்தார்களோ, அந்தத் தலைக்கு நான் இன்றைக்கும் வணக்கம் வைப்பேன். எல்லாவற்றையும்விடப் பெரிய சிறப்பு, அதற்குக் கால் கிடையாது. எல்லாருக்கும் ஒரே மாதிரித் துண்டு. ஜூட்டின் பார்வையிலிருந்து நான் தப்பலாம்.

மாமியிடம் வான்கோழி என்று மட்டும் சொன்னேன். மற்ற இரண்டும் இரகசியம். "உங்களுக்கு ஏன் தம்பி கஷ்டம்" என்று நாலு தரம் சொல்லிவிட்டுச் சம்மதித்தார். எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குள் திருவெம்பாவை நேரம் மூன்று பறவையைக் கொண்டு நுழைந்தால் அம்மா என்னை நான்காவதாகச் சுருட்டியிருப்பார், ஆகவே வேலை முழுவதும் கொட்டாஞ்சேனைச் சமையலறையில்தான். நத்தாருக்கு முந்தைய இரண்டு நாளும் மாமி கோயிலில் பாலன் குடில் வேலையை மேற்பார்வை பார்க்கப் போய்விடுவார். ஜூட்டுக்கு ஹோட்டலில் வேலை, நத்தார் அன்றுதான் லீவு. ஷெரினுக்குப் பச்சை இறைச்சி மணம் பிடித்தால் குமட்டும், அவள் முன் அறையை விட்டு வரவே இல்லை. இரகசியத்துக்கு இதைவிட வசதி வேண்டுமா?

எலும்பெடுக்கிற படலத்தை நான் விவரிக்கப் போவதில்லை. கோழி ஒத்துழைத்தது. தாரா மல்லுக்கட்டியது. வான்கோழிக்கும் எனக்கும் நடந்ததை யாராவது ஜன்னலால் பார்த்திருந்தால் பொலிசுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் முடித்தேன். கால் எலும்பைக்கூட விடாமல் எடுத்து, மூன்றையும் ஈரச் சட்டை போல விரித்துப் போட்டபோது எனக்கு என்மேல் உண்டான மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு உப்பு.

ஒரு வீடியோக்காரர், பறவையை இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் இறைச்சி மெத்தென்று வரும் என்றார். அவர் சொன்னது முழு வான்கோழிக்கு. நான் அதே அளவைக் கோழிக்கும் கொடுத்தேன், தாராவுக்கும் கொடுத்தேன், ஆளுக்கொரு வாளி. எலும்பில்லாமல் விரித்த இறைச்சி என்பதால் உப்பு இரண்டு பக்கத்தாலும் உள்ளே போகும் என்று என் மூளைக்குத் தோன்றவில்லை. இரண்டாவது வீடியோக்காரர், ஊறவைக்காதே, உப்பை அழுத்தித் தேய் என்றார். தேய்த்தேன். மூன்றாமவர் இரண்டும் வேண்டாம், உப்பு வெண்ணெய்யைத் தோலுக்கடியில் பூசு என்றார். பூசினேன். மூன்று ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்டு, மூன்றையும் கூட்டிக் கட்டினவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

அப்போதும் காரியம் முழுக்கக் கெட்டுவிடவில்லை. உள்ளே போகிற கலவைகளை உப்பில்லாமல் விட்டிருந்தால் ஒருமாதிரிச் சமாளித்திருக்கலாம். நத்தாருக்கு முதல் நாள் முற்பகல் கலவைகளை வதக்கிக்கொண்டிருந்தேன். ருசி பார்க்க ஆளில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க மாமா வந்தார்.

மாமா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த, அமைதியான மனிதர். அவருக்குப் பிரஷர். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், மாமி அதை ஒழித்தே விட்டார். மாமாவின் சோறு தனி, கறி தனி, அவர் பக்கத்தில் உப்புக் குப்பி வராதபடி மேசையில் இடமும் தனி. ஊறுகாய்ப் போத்தலை மாமி எங்கே வைக்கிறார் என்பது மாமி ஒருவருக்குத்தான் தெரியும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கரண்டிதானே, நாக்கில் வைத்துப் பார்க்கத்தானே என்று நினைத்துவிட்டேன்.

முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. நான் பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன்.

"உப்புக் காணாது, மகன்" என்றார்.

மகன். இரண்டு வருஷமாகத் தம்பி என்று கூப்பிட்டவர். எனக்குத் தலை கால் புரியவில்லை. உப்புப் போட்டேன். இன்னொரு கரண்டி கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம், மகன்." போட்டேன். இரண்டாவது கலவைக்கு அவர் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது கலவைக்குச் சிறு பீங்கான் எடுத்துக்கொண்டார். துறைமுகத்துக் கதைகள் எல்லாம் சொன்னார், அவர் அவ்வளவு கதைத்து நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு மகனுக்கும் நான் ஒரு கரண்டி உப்புப் போட்டுக்கொண்டே வந்தேன். போகும்போது, "மாமிக்குச் சொல்ல வேண்டாம்" என்றார். நான் சத்தியம் பண்ணாத குறையாகத் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் நான் கழித்த முதல் சந்தோஷமான நேரம் அதுதான்.

மூன்றையும் அடுக்கி, சுருட்டி, சாக்கு ஊசியால் தைத்து முடித்தபோது அது பறவை போலவே இல்லை. ஒரு சின்னத் தலையணை போல இருந்தது. நத்தார் காலையில் ஜூட்டும் நானும் தட்டின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு பேக்கரிக்கு நடந்தோம். அங்கே ஒழுங்கைத் தட்டுகள் எல்லாம் பெயர் எழுதி வரிசையாக இருந்தன. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இதற்குள்ளே மூன்று இருக்கிறது, மற்றவையைவிடக் கூட நேரம் வேண்டும் என்று விளக்கினேன். முதலாளி நம்பவில்லை. தையலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். பாண் வாங்க வந்தவர்களும் பார்த்தார்கள். ஜூட் தான்தான் செய்தவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். மற்ற வீட்டுத் தட்டுகள் எல்லாம் போன பிறகும் எங்களுடையது உள்ளே இருந்து, மெல்ல மெல்ல வெந்து, மத்தியானம் வெளியே வந்தபோது முதலாளி தலையைச் சாய்த்து, நாக்கைத் தட்டி, "ஷோக்" என்றார். உண்மையிலேயே ஷோக்தான். கீறலில்லாத, மினுமினுக்கிற, வீங்கிய பொன்.

மேசையில் எங்கள் குடும்பத்தைத் தவிர லூர்து அன்ரியும் இருந்தார். மாமியின் அக்கா. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், எந்தச் சாப்பாட்டுக்கும் மார்க்ஸ் போடாமல் எழும்ப மாட்டார். மாமா ஜெபம் சொன்னார். நான் கத்தியை எடுத்து முதல் துண்டை வெட்டிச் சாய்த்தேன்.

எல்லாரும் கதிரையை முன்னால் இழுத்தார்கள். அவ்வளவு அழகாக இருந்தது. அடுக்குகள் கோடு பிடித்தது போல வந்திருந்தன, படத்தில் பார்த்ததைவிட நன்றாக. மாமி பிளாஸ்டர் கையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "தம்பி, இது என்ன, மூண்டா?" என்றார். லூர்து அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எண்ணினார். ஷெரின் குமட்டலை மறந்து கைப்பேசியில் படமெடுத்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் பட்ட பாடெல்லாம் தகும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எல்லாருக்கும் தடித்த துண்டு ஒவ்வொன்று வைத்தேன். மாமாவுக்கு மாமி மெல்லிய துண்டாகக் கேட்டு வாங்கி வைத்தார், நத்தார் நாள் என்று ஒரு நாள் விலக்கு. என் பீங்கானில் சோறும் பருப்பும் போஞ்சியும். ஆகவே நடந்தது எதுவும் எனக்கு நாக்கால் தெரியாது. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

மாமி ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். திரும்ப மென்றார், இந்த முறை மெதுவாக. விழுங்கினார். தண்ணீர்க் கிளாசை எடுத்தார். லூர்து அன்ரியின் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது, ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். ஜூட் மேசைக்கடியில் காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"எப்பிடி மாமி?" என்றேன்.

"மிச்சம் நல்லம் தம்பி" என்றார் மாமி. தண்ணீர் குடித்தார். "எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீங்க." மறுபடி குடித்தார்.

விருந்தாளி சமைத்ததை யார் குறை சொல்வது? அங்கே எனக்கிருந்த மரியாதை முழுவதும் அன்றைக்கு எனக்கு எதிராகத் திரும்பியது. நானோ அந்தப் பாராட்டில் மயங்கிப்போய், தாராவின் கொழுப்பு எப்படி வான்கோழிக்குள் இறங்குகிறது, பழைய முறையில் சுட்ட வான்கோழி ஏன் வறண்டுபோகிறது என்று விளக்கத் தொடங்கினேன். மாமியின் முன்னாலேயே. அவர்கள் என் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள். பிரிட்ஜில் இருந்த போத்தல்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. லூர்து அன்ரி இஞ்சி பியரை வாங்கி வாய் கழுவுவது போலக் குடித்தார். அப்படியும் நான் விட்டேனா? யாருடைய துண்டு குறைகிறதோ அவர் பீங்கானில் இரண்டாவது துண்டை வைத்தேன். "வெக்கப்படாமல் சாப்பிடுங்க அன்ரி." ஜூட் என்னைப் பார்த்த பார்வையில், வான்கோழிக்கால் சம்பந்தப்பட்ட பழைய கோபமெல்லாம் புதிதாக வந்து சேர்ந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் மாமா பீங்கானை நீட்டினார்.

அவருடைய மெல்லிய துண்டு போன இடம் தெரியவில்லை. ஜூட்டின் பீங்கானிலிருந்து பாதியை எடுத்து அதையும் முடித்திருந்தார். நெற்றியில் வியர்வை, முகத்தில் பரமானந்தம். "இன்னொரு துண்டு வையுங்க மகன்" என்றார். "கன காலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் சாப்பாடு சாப்பாடு மாதிரி இருக்கு."

மேசையில் தண்ணீர் குடிக்காத ஒரே ஆள் அவர். (நானும் குடிக்கவில்லை, ஆனால் நான் கணக்கில் இல்லை.) மாமி கிளாசைக் கீழே வைத்தார். மாமாவை மேலிருந்து கீழே பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதரோடு வாழ்ந்தவர், அவருக்கு யாரும் எதுவும் விளக்கத் தேவையில்லை.

"இதுக்கு ஆர் ருசி பார்த்தது?" என்றார் மாமி.

மாமா பீங்கானைக் கீழே இறக்கினார். அவர் முகம் வாடியதை என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான் மாமி, நான்தான் ருசி பார்த்தனான்" என்றேன்.

"நீங்க விரதம்தானே?"

என் பீங்கானில் பருப்பும் போஞ்சியும் சாட்சிக்கு இருந்தன. பொய் சொல்வதற்குமுன் யோசிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்த லூர்து அன்ரி, வாய்க்குள் இஞ்சி பியரை வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்துப் புரையேறினார்.

மாமி எழுந்தார். இத்தனை காலமாக எனக்குக் குளிர்பானம் கொண்டுவந்த அந்த மெல்லிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ரெண்டு பேருக்கும் மண்டைக்குள்ள ஏதும் இருக்கா? ஒண்டுக்குப் பிரஷர், மற்றதுக்கு விரதம். நாக்கில்லாத ரெண்டு கழுதை சேர்ந்து சமைச்சிருக்கு, நாங்க நத்தார் நாளில தண்ணியைக் குடிச்சுச் சாகிறம். இவ்வளவு நேரம் விளக்கம் வேற. என்ர வான்கோழி வறளுதாம்! எழும்புங்க ரெண்டு பேரும், எழும்பிக் குசினிக்கு வாங்க."

மாமாவும் நானும் எழுந்தோம். மாமா எனக்குப் பின்னால் ஒளிந்து வந்தார். மாமி என் கையில் திருவலையைத் தந்து இரண்டு தேங்காயைத் துருவச் சொன்னார். நான் துருவிய விதத்துக்கும் ஏச்சு விழுந்தது. உப்பில்லாமல் ஒரு பெரிய சட்டிச் சொதி. உப்பில்லாமல் வெள்ளைச் சோறு. உருளைக்கிழங்கு அவித்து, அதற்கும் உப்பில்லை. என் மூன்று பறவைகளையும் கருவாட்டை வெட்டுவது போல மெல்லிசாக, சின்னச் சின்னத் துண்டாக அரிய வைத்தார். அரிந்ததைக் கொஞ்சமாகப் பச்சை மிளகாய், வெங்காயத்தோடு பிரட்டி, சோற்றின் ஓரத்தில் ஒரு சிட்டிகை ஊறுகாய் போல வைத்து எல்லாரையும் மறுபடி மேசைக்குக் கூப்பிட்டார். ஒற்றைக் கையால், கதிரையில் இருந்தபடி, ஏசிக்கொண்டே அவர் அந்த நத்தாரை மீட்டெடுத்ததைப் பார்த்தபோது, மூன்று பறவை என்ன, முப்பது பறவையைச் சுருட்டினாலும் இந்த மனுஷியின் கைக்கு ஈடாகாது என்று எனக்கு விளங்கியது.

அது ருசியாக இருந்ததாம். சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். சோற்றோடு ஒரு துணுக்கு, சொதியோடு ஒரு துணுக்கு என்று இரண்டாம் தரம், மூன்றாம் தரம் வாங்கினார்கள். "இறைச்சிக் கருவாட்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு" என்றார் லூர்து அன்ரி. மாமா மட்டும் ஒரு துணுக்கும் கிடைக்காமல் கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் குசினித் தொட்டியில் மலைபோலக் குவிந்த பீங்கான்களைக் கழுவினேன். மாமி எட்டிப் பார்த்து, "அடிப்பக்கத்தையும் தேய், சும்மா தண்ணி காட்டாத" என்றார். நான் கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அடிப்பக்கத்தைத் தேய்த்தேன். ஷெரின் வந்து, "அழுறீங்களா?" என்றாள். வெங்காயம் என்றேன். வெங்காயம் அரிந்து முடிந்து வெகு நேரமாகியிருந்தது. சந்தோஷத்தில்தான் அழுதேன், அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

திருவாதிரையோடு விரதம் முடிந்தது. சித்திரை கடந்து மகள் பிறந்தாள், அம்மாவின் நேர்த்தியும் மாமியின் செபமாலையும் ஆளுக்குப் பாதி உரிமை கோருகின்றன. மாமியின் கை சுகமானது. அடுத்த நத்தாருக்கு மாமியின் பழைய வான்கோழியே திரும்பி வந்தது, காலோடு, கிரேவியோடு, கொஞ்சம் வறண்ட நெஞ்சோடு. மூன்று பறவைச் சுருளை நான் பிறகு செய்யவில்லை. செய்ய விடவில்லை. ஆனால் அதன் படத்தை மாமி தன் கைப்பேசியில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "பாருங்க, என்ன வடிவா வெட்டி அடுக்கியிருக்கு" என்று மனதாரப் புகழ்ந்துவிட்டு, அவர்கள் ஆச்சரியப்பட்டு முடிந்ததும், மிச்சக் கதையைச் சொல்வார். கதையில் உப்பின் அளவு வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியாகக் கேட்டபோது அது ஒரு மூடையாகியிருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டு நத்தாருக்கு ஒரு புது ஒழுங்கும் உண்டு. உப்பில்லாத சாப்பாடு இரண்டு பங்கு தனியாக எடுத்து வைக்கப்படும். ஒன்று மாமாவுக்கு, டொக்டர் சொன்னபடி. மற்றது எனக்கு, மாமி சொன்னபடி. முதல் வருஷம் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன். அடுத்த வருஷம் மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. இப்போதும் மாமாவும் நானும் மேசையின் அந்தத் தனி மூலையில், பக்கத்தில் பக்கத்தில், விளிம்பு உடைந்த பழைய பீங்கான்களில் அந்த உப்பில்லாத வான்கோழியைச் சாப்பிடுகிறோம்.

போன நத்தாருக்கு ஜூட்டைக் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் தாய் வந்திருந்தார். அவருக்குப் பொன் விளிம்புப் பீங்கான் வந்தது. ஃபேன் அவர் பக்கம் திரும்பியது. இரண்டாவது கால் அவருக்குப் போனது. சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவர் என் பீங்கானைக் கவனித்துவிட்டு, இந்தத் தம்பிக்கும் பிரஷரா, இந்த வயதிலேயா என்று இரக்கத்தோடு கேட்டார்.

"இல்ல இல்ல, அதுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல" என்றார் மாமி, அவருக்குக் கிரேவியை ஊற்றியபடி. "அது எங்கட வீட்டு ஆள்தானே. என்னத்தைக் குடுத்தாலும் தின்னும்."